சப்பாணி கொட்டாத பிள்ளை

என் மகளுக்கு இரண்டு வயதுக் கணக்குகள் உண்டு. ஒன்று, அவள் பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. இன்னொன்று, அவள் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது. எட்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். டாக்டர் இரண்டாவது கணக்கை 'கரெக்டட் ஏஜ்' என்றார். திருத்திய வயது. "ரெண்டு வயசு முடியுற வரைக்கும் நீங்க இந்தக் கணக்குலதான் பாக்கணும். பக்கத்து வீட்டுக் குழந்தையோட ஒப்பிடாதீங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது அல்லவா. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மாசம்?" என்பதுதான். "பதினொண்ணு" என்போம். அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இன்னும் உக்காரலையா?" திருத்திய வயதில் ஒன்பதுதான் ஆகிறது என்று நான் விளக்க ஆரம்பிப்பேன். என் மனைவி உள்ளே போய்விடுவாள்.

அந்த நாட்களில் ஒருநாள் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். பேத்தியை மடியில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துத் தட்டி, "சப்பாணி கொட்டு கண்ணு, சப்பாணி கொட்டு" என்றார். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதம்மா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் அத்தை கையை எடுத்துவிட்டார்.

அத்தைக்கு அது கை தட்டுகிற விளையாட்டு. என் மனைவிக்கு '16 வயதினிலே' கமல்ஹாசன். தமிழ் அகராதியில் இரண்டுமே இருக்கின்றன. சப்பாணி என்றால் கைகளைச் சேர்த்துக் கொட்டுதல். சப்பாணி என்றால் நடக்க முடியாதவர். ஒரே சொல்லுக்குள் ஒரு குழந்தையின் கொண்டாட்டமும் ஒரு மனிதருக்கான வசையும் எப்படிக் குடியிருக்கின்றன என்ற கேள்வியோடுதான் அன்று இரவு, கல்லூரிக்குப் பிறகு தொடாத பிள்ளைத்தமிழ் நூல்களை எடுத்தேன். இந்தக் கட்டுரை அப்படி ஆரம்பித்தது.

*

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிள்ளைத்தமிழ் என்பது ஒரு கடவுளையோ அரசரையோ பெரியவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் சிற்றிலக்கியம். பத்துப் பருவங்கள், பருவத்துக்குப் பெரும்பாலும் பத்துப் பாட்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழும் இருபாலருக்கும் பொது. ஆண் குழந்தையென்றால் கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தையென்றால் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்குப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சிக்குப் பாடினார். நம் காலத்தில் எம்.ஜி.ஆர். வரைக்கும் வந்துவிட்டது.

இந்தப் பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு வைத்திருக்கின்றன. நூலுக்கு நூல் சற்று மாறும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒற்றைப்படை மாதங்களில் ஏறிப்போகிறது. மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை. இப்படியே இருபத்தொன்றாம் மாதம் வரை.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே எரிச்சலும் வந்தது. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இருப்பது இதேதான். என் போனில் இருக்கும் ஆப் வாராவாரம் அனுப்புவதும் இதேதான். ஐந்தாம் மாதம் செங்கீரை என்றால், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் தரையில் பாய் விரித்து எங்கள் மகளிடம் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய அந்த நிலையைத்தான். எண்ணூறு வருடத்துக்கு முன்பே நாம் 'மைல்ஸ்டோன் சார்ட்' போட்டுவிட்டோமா என்று மார்தட்டிக்கொள்ள யாருக்காவது தோன்றலாம். எனக்குத் தோன்றியது வேறு. அப்போதே ஆரம்பித்துவிட்டார்களா இந்தத் தொல்லையை?

*

ஆனால் பாட்டியலை மூடிவிட்டுப் பாட்டைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. மாதக் கணக்கு இலக்கணக்காரர்களுடையது. பாட்டுக்குள் மாதம் கிடையாது. பாட்டுக்குள் இருப்பது ஒரு வினைச்சொல்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு பாட்டும் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். செங்கீரை ஆடுக. சப்பாணி கொட்டுக. முத்தம் தருக. வருக. எதுவும் 'ஆடினாள்' என்று முடிவதில்லை. 'கொட்டிவிட்டாள்' என்று ஒரு பாட்டுகூட அறிவிப்பதில்லை. குழந்தை ஏற்கெனவே செய்த ஒன்றைப் பதிவு செய்யும் வடிவம் அல்ல இது. இன்னும் செய்யாத ஒன்றைக் கேட்கும் வடிவம். பத்துப் பாட்டு கேட்டும் குழந்தை கொட்டியதா என்று நமக்குத் தெரியாது. அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறோம்.

அட்டவணையின் இலக்கணம் கேள்வி. தட்டுகிறாளா, இல்லையா? அதற்கு எதிரே ஒரு கட்டம், டிக் அடிக்க. பிள்ளைத்தமிழின் இலக்கணம் விளி. அதற்கு எதிரே கட்டம் இல்லை. குழந்தைதான் இருக்கிறது.

தமிழில் வினை கடைசியில் வருவது இந்த வடிவத்துக்குக் கிடைத்த வரம். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் வருகைப் பருவத்தில் மிகப் புகழ்பெற்ற ஒரு பாட்டு இருக்கிறது. அரங்கேற்றத்தின்போது மீனாட்சியே சிறுமியாக வந்து, திருமலை நாயக்கரின் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்ற கதை இந்தப் பாட்டோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டின் பெரும்பகுதி வெறும் விளிகள். பழம்பாடலின் பயனாக, தமிழின் சுவையாக, இளம் பெண்யானையாக, உயிருள்ள ஓவியமாக, கொடியாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். என்ன செய்யச் சொல்கிறார் என்பது கடைசிவரை வருவதில்லை. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும். அப்புறம்தான் அந்த ஒரே வினை. 'வா'. அதுவும் மூன்று முறை.

படுக்கையில் குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து, "என் தங்கம்ல, என் பட்டுல, என் கிளில, அப்பாட்ட வாடி" என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிற யாருக்கும் இந்தத் தொடரமைப்பு தெரியும். முதலில் பெயர்கள். பிறகு காத்திருப்பு. அதற்கப்புறம்தான் வினை. குமரகுருபரர் கல்வியால் எழுதியது என்று நினைத்திருந்த அந்த அடுக்கு எனக்கு இப்போது பாய்மேல் நடக்கும் சாதாரண விஷயமாகத் தெரிகிறது. அந்தப் பாட்டின் முடிவில் மகளைப் பெற்ற மலயத்துவச பாண்டியனின் பெயர் வருவதையும் இந்த முறைதான் கவனித்தேன். அவ்வளவு பட்டங்களுக்குப் பிறகு ஒரு அப்பாவின் பெயர்.

*

இங்கே நிறுத்திக்கொண்டால் இது வெறும் புகழ்ச்சி ஆகிவிடும். பிள்ளைத்தமிழ் மீது எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது.

இந்தக் குழந்தைகள் அழுவதில்லை. சளி பிடிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நான்கு மணிவரை தூங்காமல் இருப்பதில்லை. முக்கியமாக, இந்தக் குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கிற உடம்பு எதுவும் பாட்டுக்குள் இல்லை. கூப்பிடுகிற குரல் மட்டும் இருக்கிறது. அந்தக் குரலுக்குக் கை வலிக்காதா, இடுப்பு வலிக்காதா?

வலித்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவமாக இறுகுவதற்கு முன்பு வலித்திருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் யசோதையாக நின்று பாடும் ஆழ்வார், கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பாடும் முதல் பதிகத்திலேயே ஒரு புலம்பலை வைத்திருக்கிறார். தொட்டிலில் போட்டால் கிழியும்படி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை முறிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, மெலிந்துபோனேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்கிறாள் அந்த அம்மா. இதை முதன்முதலாகக் கவனித்துப் படித்தபோது என் மனைவியிடம் போய்ப் படித்துக்காட்டினேன். "இத எழுதுனது ஆம்பளையா?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரோ ஒருத்தி சொல்லிக் கேட்டுருக்காரு" என்றாள். இதைவிட நல்ல விமர்சன வாக்கியத்தை என்னால் எழுத முடியாது.

பெரியாழ்வாரிடம் பத்துப் பருவம் என்ற வரையறை இல்லை. செங்கீரையும் சப்பாணியும் அம்புலியும் இருக்கின்றன. அவற்றோடு தளர்நடை இருக்கிறது. பின்னாலிருந்து வந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கு என்று தனிப் பதிகம் இருக்கிறது. பூச்சாண்டி காட்டி பயமுறுத்தும் விளையாட்டுக்கு ஒன்று. பால் குடிக்க எழுப்புவதற்கு ஒன்று. காது குத்த, குளிப்பாட்ட, பூச்சூட்ட ஒவ்வொன்று. இவை மாதக் கணக்கில் அடங்காதவை. எந்தக் குழந்தையும் எப்போது வேண்டுமானாலும் முதுகைக் கட்டிக்கொள்ளலாம். பின்னால் வந்த புலவர்கள் எடுத்துக்கொண்டது எண்ணக்கூடியவற்றை. விட்டுவிட்டது எண்ண முடியாதவற்றை. அத்தோடு அந்தத் தாயின் இடுப்பு வலியும் போய்விட்டது. குமரகுருபரரின் தமிழ் எவ்வளவு பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இழப்பை அவரும் ஈடுகட்டவில்லை.

பயமும் மறைந்துதான் இருக்கிறது, ஆனால் முழுக்க இல்லாமல் போகவில்லை. முதல் பருவம் காப்பு. தொடங்கும்போதே திருமாலையும் மற்ற தெய்வங்களையும் வரிசையாக அழைத்து, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்கிறார்கள். அந்தத் தெய்வங்களின் கொலைச் செயல்களை அங்கே பாடக்கூடாது என்பது பாட்டியல் விதி. முன்பு இதை ஒரு சம்பிரதாயமாகக் கடந்துபோனேன். இன்குபேட்டருக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக ஒன்றரைக் கிலோ உடம்பைப் பார்த்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் கொலை என்ற சொல்லே வரக்கூடாது என்று விதி எழுதியவர், மூன்றாம் மாதத்தைத் தாண்டாத எத்தனை குழந்தைகளைப் பார்த்திருப்பார்? நூறு பாட்டில் சொல்லப்படாத மரணம் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

*

இன்னொரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை பேசாமலேயே இருக்க, பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகனிடம் கிடக்கிறார்கள். பேச்சு வருகிறது. வந்த வாயால் கந்தர் கலிவெண்பா பாடுகிறார். அவர் பாடிய மீனாட்சியின் கதையும் மதுரையில் எல்லோருக்கும் தெரிந்தது. மகன் வேண்டி வேள்வி செய்த மலயத்துவசனுக்கும் காஞ்சனமாலைக்கும், மூன்று முலைகளோடு ஒரு பெண் குழந்தை வருகிறது. அப்பா கலங்கிப்போகிறார். கணவனாக வரப்போகிறவனைப் பார்க்கும்போது அது மறையும், மகனைப்போலவே வளர்த்து முடிசூட்டு என்று வானத்திலிருந்து குரல் கேட்கிறது.

பேசாத பிள்ளையாக இருந்த ஒருவர், உடம்பைப் பார்த்துப் பெற்றோர் கலங்கிய ஒரு பெண்ணைக் குழந்தையாக்கிப் பாடுகிறார். பத்துப் பருவத்தில் இந்தக் கலக்கத்துக்கென்று ஒரு பருவம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். கதைகள் அசரீரியைக் கொடுத்துப் பெற்றோரின் பயத்தை முடித்துவைக்கின்றன. முருகன் அருளினான், பேச்சு வந்தது. கணவன் வந்தான், மறைந்தது. முடிந்தது கதை. அசரீரி கேட்காத வீடுகளில் பிள்ளைத்தமிழை எப்படிப் படிப்பது? வராத பிள்ளைகள், கொட்டாத பிள்ளைகள், கடைசிவரை நடக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பதாம் மாதத்து விளையாட்டின் பெயரையே அவர்களுக்கு வாழ்நாள் பட்டமாக ஊர் சூட்டுகிறது. அத்தையைத் தடுத்தபோது என் மனைவி தடுத்தது அதைத்தான்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பக்தி இலக்கியத்தப் போயி குழந்தை வளர்ப்புக் கையேடு மாதிரி படிக்கிறியேடா" என்றார். நியாயமான குறைதான். கவிஞர் கடவுளிடம் பேசுகிறார், குழந்தை ஒரு வேஷம், தாய்மையும் ஒரு வேஷம். ஆனால் வேஷம் என்று சொல்லிவிட்டால் எதற்கு இந்த வேஷம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உலகத்தையே ஆளும் ஒன்றிடம் எதையாவது கேட்க ஆயிரம் பாவனைகள் இருக்க, கேட்டாலும் செய்யுமா செய்யாதா என்று தெரியாத ஒரு ஒன்பது மாதக் குழந்தையிடம் கேட்கும் பாவனையைத் தேர்ந்திருக்கிறார்கள். பதில் தன் கையில் இல்லாத ஒரு நிலை அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

*

அந்த நிலை மிகத் தெளிவாகத் தெரிகிற இடம் அம்புலிப் பருவம். மற்ற பருவங்களில் குழந்தையைக் கூப்பிடுகிறார்கள். இங்கே குழந்தைக்காக நிலாவைக் கூப்பிடுகிறார்கள். சாம, பேத, தான, தண்டம் நான்கையும் இறக்கிப் பார்க்கிறார்கள். நீயும் இவளும் ஒன்றுதான் என்று நைச்சியம். உனக்குக் களங்கம் உண்டு, இவளுக்கு இல்லை என்று மட்டம் தட்டல். வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டல். வராவிட்டால் தெரியும் சேதி என்று மிரட்டல். சோற்றுக் கிண்ணத்தோடு மொட்டை மாடியில் நிற்கும் எந்த வீட்டிலும் இந்த நான்கும் அரை மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

நிலா வருவதில்லை. எந்தப் பிள்ளைத்தமிழிலும் நிலா இறங்கி வந்து விளையாடவில்லை. ஒவ்வொரு புலவரும் இது தெரிந்தேதான் பத்துப் பாட்டு எழுதினார்கள். நூலின் நடுவில், நிச்சயம் பதில் வராத ஒரு கூப்பாட்டை வைத்து, அதிலும் அதே உற்சாகத்தோடு பாடியிருக்கிறார்கள். நான் பிள்ளைத்தமிழில் இப்போது மதிப்பது இதைத்தான். வருமா என்பது கேட்பதற்கான நிபந்தனை இல்லை.

அடுத்து வரும் சிற்றில் பருவத்தில் பேசுகிறவர்களே மாறிவிடுகிறார்கள். பெற்றவள் இல்லை, மணல்வீடு கட்டும் தெருப் பெண்கள் பேசுகிறார்கள். சொல்வதும் 'செய்' என்று அல்ல, 'எங்கள் வீட்டை அழிக்காதே' என்று. கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைத்த பிள்ளை ஊர்ப் பிள்ளையாகிவிட்டது. பெற்றோரின் காலம் அம்புலியோடு முடிகிறது. அது எவ்வளவு குறுகியது என்று பாட்டியல் சொல்கிறது. ஏறக்குறைய ஒன்றரை வருடம். அதில் இரண்டு மாதத்தை நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்துவிட்டோம். மீதியில் எத்தனை நாளை அட்டவணையோடு கழித்தோம் என்று எண்ணிப்பார்க்கப் பயமாக இருக்கிறது.

*

அட்டவணையைத் திட்டிவிட்டு இலக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. எங்கள் மகளின் இடது தோள் சற்று இறுக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்தது அட்டவணைதான், பாட்டு அல்ல. அதனால்தான் பிசியோதெரபி சீக்கிரம் ஆரம்பித்தது. 2022இல் அமெரிக்காவின் சி.டி.சி. தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, பாதிக் குழந்தைகள் செய்வதை அளவாக வைக்காமல், நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ குழந்தைகள் செய்வதை அளவாக வைத்தது. செய்யவில்லை என்றால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள் என்பதுதான் நோக்கம். கை தட்டி விளையாடுவது அந்தப் பட்டியலில் பன்னிரண்டாம் மாதத்தில்தான் வருகிறது. நம் பாட்டியல் மூன்று மாதம் அவசரப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட அளவில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. அந்த இடைவெளியைப் பார்த்தபோது, நல்ல அட்டவணைக்கும் பெருந்தன்மை உண்டு என்று தோன்றியது. அவசரம் ஆப்பிலும் பக்கத்து வீட்டிலும் என்னிடமும்தான் இருந்தது.

டாக்டரிடம் போகும்போது அட்டவணை வேண்டும். பாயில் உட்காரும்போது அது வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட நாட்களில் நான் என் மகளோடு விளையாடவே இல்லை. பரீட்சைதான் வைத்துக்கொண்டிருந்தேன். "கை தட்டு" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன வாரம், குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, தலையணை அணைப்பில் உட்கார்ந்திருந்தவள் இரண்டு கைகளையும் சேர்த்தாள். சத்தம் வரவில்லை. உள்ளங்கையும் உள்ளங்கையும் சரியாகப் பொருந்தவும் இல்லை. யாரும் கேட்டிருக்கவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து ஊருக்குப் போன் போட்டாள். "அம்மா, சப்பாணி கொட்டிட்டாம்மா" என்றாள். அந்த வார்த்தையைத்தான் சொன்னாள்.

ஆப்பை எடுத்துவிட்டேன். அட்டை பீரோவில் இருக்கிறது. அடுத்த பரிசோதனை அடுத்த மாதம், திருத்திய வயதில் பன்னிரண்டு ஆகும்போது. அதுவரை சாயங்காலம் மாடியில் நிலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.